பழைய கப் கேடட் தோட்ட டிராக்டரை வீட்டிலேயே ஓட வைப்பது எப்படி

ஒஹையோ, இந்தியானா, மிச்சிகன் பக்கம் குடியிருப்பவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பண்ணை வீடு ஏலத்துக்கு வரும்போது கொட்டகை மூலையில், டயரில் காற்று இறங்கி, மஞ்சள் பெயின்ட் உரிந்து ஒரு குட்டி டிராக்டர் நிற்கும். ஓடாத வண்டி என்பதால் பலர் பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படிக் கிடப்பவற்றில் பல இன்னும் ஓடக்கூடியவை. ஒரு கார் நிற்கிற இடமும், சாதாரண ஸ்பேனர் செட்டும், வார இறுதிகளும் இருந்தால் போதும். முதன்முதலாக இந்த வேலையில் கை வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பெயின்ட் கடைசி வேலை. புதிதாக வருகிறவர்களில் பலர் வண்டியை வாங்கிய வாரமே நட்டு போல்ட் மிச்சமில்லாமல் பிரித்துப் போடுகிறார்கள். எது எங்கே இருந்தது என்பது இரண்டே மாதத்தில் மறந்துவிடும். கடைசியில் பாகங்கள் நிறைந்த நாலைந்து பெட்டிகளாக அந்த வண்டி விற்பனைக்கு வந்துவிடுகிறது. அதனால் முதலில் என்ஜினை ஓட வையுங்கள். அப்புறம் கிளட்ச், கியர், பிரேக், ஸ்டியரிங். வண்டி சொன்னபடி போய், சொன்ன இடத்தில் நின்ற பிறகுதான் பிரித்துப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

எந்த வண்டியை வாங்குவது

அமெரிக்காவில் 1950கள், 60களில் தோட்ட டிராக்டர் செய்த நிறுவனங்கள் நிறைய. இந்தியானாவின் சவுத் பெண்ட் ஊரில் செய்த சிவப்பு நிற வீல் ஹார்ஸ், 1963இல் வந்த ஜான் டீர் 110 இரண்டுமே நல்ல வண்டிகள். ஆனால் முதல் வண்டியாக எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் கப் கேடட் என்றுதான் சொல்வேன். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961இல் இதைக் கொண்டுவந்தது. கென்டக்கியின் லூயிவில் ஆலையில், ஃபார்மால் கப் என்ற வயல் டிராக்டர் உருவான அதே இடத்தில் இதுவும் உருவானது. முதல் மாடலில் 7 குதிரைத்திறன் கோலர் என்ஜின். 1963இல் 70, 100 என்ற மாடல்களும், 1965இல் 102, 122 போன்றவையும் வந்தன. 1981இல் இந்தத் தொழில் எம்.டி.டி. நிறுவனத்தின் கைக்குப் போனது.

இதைச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். 70, 100 முதலான மாடல்களில் என்ஜினிலிருந்து கியர் பெட்டிக்குப் பெல்ட் கிடையாது. நேராக ஒரு இரும்பு ஷாஃப்ட் போகிறது. மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ், எல்லாம் வார்ப்பிரும்புப் பெட்டிக்குள். பார்த்தாலே எது எதைச் சுற்றுகிறது என்று புரிந்துவிடும். இரண்டாவது, உதிரிபாகம். இந்த வண்டிகள் அவ்வளவு விற்றிருப்பதால் கேஸ்கெட், பாயிண்ட், கிளட்ச் டிஸ்க், பேரிங் எல்லாம் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கின்றன. அபூர்வமான வண்டி வாங்கினால் ஒரு சின்னத் தகட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க நேரும். 123 போன்ற ஹைட்ரோஸ்டாட்டிக் (கியர் மாற்றாமல், எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுற்றும்) மாடல்களை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். ஃபிளைவீலை (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) கையால் சுற்றினால் என்ஜின் அசைகிறதா. என்ஜின் பிளாக்கில் விரிசலோ, ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்த தடமோ இருக்கிறதா. பின்பக்கக் கியர் பெட்டி உடையாமல் இருக்கிறதா. பானெட், கிரில், சீட் போன்ற தகட்டுப் பாகங்கள் முழுசாக இருக்கின்றனவா. என்ஜின் ஜாம் ஆகியிருந்தால்கூடப் பரவாயில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிளாக் உடைந்த வண்டியை மட்டும் உதிரிபாகத்துக்காக அன்றி வாங்காதீர்கள்.

முதல் நாள்: போட்டோவும் எலிக்கூடும்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். போனை எடுங்கள். ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது, ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, கவர்னர் (என்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் அமைப்பு) கம்பி எப்படி வளைந்திருக்கிறது என்று எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றும் போல்ட்டை ஜிப் பையில் போட்டு மேலே பெயர் எழுதுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் நட்டைச் சுற்றிச் சூடு காட்டுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைக்காமல் தீயை வண்டியின் பக்கம் கொண்டுவரவே கூடாது. காலி டேங்குக்குள் நிற்கிற பெட்ரோல் ஆவிதான் நிறைந்த டேங்கை விட ஆபத்து.

அடுத்து என்ஜினைச் சுற்றியிருக்கும் தகட்டு மூடியைக் கழற்றுங்கள். இந்த என்ஜின் காற்றில் குளிர்வது. ஃபிளைவீலில் இருக்கும் விசிறி தள்ளும் காற்று அந்த மூடிக்குள் ஓடி, சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகள் வழியே போக வேண்டும். கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் அந்த இடத்தில் எலி கூடு கட்டியிருக்கும். பஞ்சு, வைக்கோல், கொட்டை ஓடு எல்லாம் துடுப்புகளுக்கு நடுவே இறுகிப் போயிருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இதைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, சூடேறி, பிஸ்டன் பிடித்துவிடும். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். எலி எச்சத்தின் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு எடுப்பது நல்லது.

என்ஜினை எழுப்புவது

இவற்றில் இருப்பது கோலர் கே வரிசை என்ஜின். ஒரே சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், பக்கவாட்டு வால்வு. 70இல் கே161 (7 குதிரைத்திறன்), 100இலும் 102இலும் கே241 (10), 122இல் கே301 (12). இந்தப் பெயர்களில் முதல் இரண்டு எண்கள் சிலிண்டரின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் காட்டுகின்றன. கே161 என்றால் சுமார் 16 கன அங்குலம், கே241 என்றால் சுமார் 24.

என்ஜின் ஜாம் ஆகியிருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் கலந்து ஊற்றிச் சில நாள் விட்டுவிடுங்கள். இந்தக் கலவை எளிதில் தீப்பிடிக்கும், கவனம். பிறகு ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நகரவில்லை என்றால் ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடி) கழற்றி, பிஸ்டன் தலைமேல் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டலாம். ஸ்டார்ட்டரைப் போட்டு இழுக்க வைக்க வேண்டாம். இதன் கனெக்டிங் ராடு அலுமினியம், உடைந்தால் பிளாக்கையும் சேர்த்து உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

என்ஜின் சுற்றுகிறதா? சரி. பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, எஸ்.ஏ.ஈ. 30 ஆயிலை டிப்ஸ்டிக் காட்டும் அளவுக்கு ஊற்றுங்கள். இந்த என்ஜினில் ஆயில் பம்ப் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கரண்டி ஆயிலை வாரி இறைக்கிறது, அவ்வளவுதான். ஆயில் குறைந்தாலும், செங்குத்தான சரிவில் நெடுநேரம் நிறுத்தி ஓட்டினாலும் ராடுக்கு ஆயில் கிடைக்காமல் போகும். பழைய கே வரிசை என்ஜின்கள் செத்துப்போனதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

கம்ப்ரெஷன் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். இவற்றில் பலவற்றில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகத் தானே கம்ப்ரெஷனைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் அமைப்பு கேம்ஷாஃப்டில் உண்டு. கேஜ் மாட்டிப் பார்த்தால் எண் குறைவாகக் காட்டும், என்ஜின் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள். அதற்குப் பதிலாக ஃபிளைவீலைத் தலைகீழ்த் திசையில் வேகமாகச் சுற்றிவிடுங்கள். பட்டென்று எதிர்த்துத் திருப்பித் தள்ளினால் ரிங்கும் வால்வும் தேவலை.

கரண்ட் வருகிறதா: பாயிண்ட் வேலை

ஊரில் புல்லட்டோ பழைய பஜாஜ் ஸ்கூட்டரோ வைத்திருந்தவர்களுக்கு சி.பி. பாயிண்ட் தெரியும், காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டி ஸ்பார்க்கை வரவைக்கும் சின்ன சுவிட்ச். இதிலும் அதேதான். வசதி என்னவென்றால் கோலர் கே வரிசையில் பாயிண்ட் ஃபிளைவீலுக்கு அடியில் இல்லை. பிளாக்கின் வெளிப்பக்கம், ஒரு சின்னத் தகட்டு மூடிக்குள் இருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றினால் கண் முன்னே இருக்கும்.

வருடக்கணக்கில் கிடந்த வண்டியில் பாயிண்டின் இரண்டு முனைகளிலும் சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் தெரியும், ஆனால் கரண்ட் கடக்காது. மெல்லிய பாயிண்ட் அரத்தால் ஒன்றிரண்டு இழு இழுத்து, பிறகு ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை நடுவில் வைத்து மூடி உருவுங்கள். காகிதத்தில் கறுப்பு வராத வரை இதைச் செய்யுங்கள். குழிவிழுந்த முனை என்றால் புதிய பாயிண்டும் கண்டென்சரும் போட்டுவிடுவது மேல், விலை அதிகமில்லை.

இனி இடைவெளி. ஃபிளைவீலைக் கையால் சுற்றி, பாயிண்ட் அதிகபட்சமாகத் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபீலர் கேஜில் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் தகடு லேசான உரசலோடு உள்ளே போய்வர வேண்டும். ஓடுவதற்கு இது போதும். இன்னும் துல்லியமாக டைமிங் வைக்க வேண்டுமென்றால், என்ஜின் பக்கத்தில் ஒரு சின்னப் பார்வைத் துளை இருக்கும். அதன் வழியே ஃபிளைவீலில் வெட்டிய எஸ் (S), டி (T) என்ற இரண்டு குறிகள் தெரியும். டி என்பது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். எஸ் என்பது ஸ்பார்க் வர வேண்டிய இடம். காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, ஒரு கம்பியைப் பாயிண்டிலும் இன்னொன்றை பிளாக்கிலும் வையுங்கள். என்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி வாருங்கள். எஸ் குறி துளையின் நடுவுக்கு வரும் அதே நொடியில் பீப் சத்தம் நிற்க வேண்டும். முன்னதாக நின்றால் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள், தாமதமாக நின்றால் கூட்டுங்கள். இதைச் சரியாக வைத்துவிட்டால் வண்டி சொல்லி வைத்தாற்போல் ஸ்டார்ட் ஆகும். மொத்த வேலையிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பேட்டரி இக்னிஷன் உள்ள மாடல்களில் ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.035 அங்குலம். பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடலை ஹெட்டில் ஒட்டவைத்து என்ஜினைச் சுற்றினால் நீல நிறத்தில் தீப்பொறி தெரிய வேண்டும். அப்போது பிளக் துளைக்குப் பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

பெட்ரோல் பக்கம்

கார்பரேட்டரைக் கழற்றி, ஊசிகளையும் மிதவையையும் எடுத்துவிட்டு, கிளீனரில் ஊறவைத்து, ஒவ்வொரு சின்னத் துளையிலும் காற்றடித்துப் பாருங்கள். ஊசியைத் திரும்ப மாட்டும்போது அடித்தளம் தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசியும் கெடும், இருக்கையும் கெடும். மெயின் ஊசியைத் தொட்ட இடத்திலிருந்து சுமார் இரண்டு சுற்று வெளியே எடுத்து வைத்துத் தொடங்குங்கள். என்ஜின் சூடான பிறகு நுட்பமாகச் சரிசெய்துகொள்ளலாம். த்ராட்டில் ஷாஃப்ட் தன் துளையில் கடகடவென்று ஆடினால், அந்த வழியே காற்று இழுத்து ஐட்லிங் நிற்காது. அதற்குப் புஷ் போட வேண்டும்.

பழைய டேங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் டேங்கை கார்பரேட்டருக்கு மேலே கட்டி, புதுக் குழாயும் ஃபில்டரும் போட்டு, அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கராஜ் கதவைத் திறந்து வையுங்கள். அதைவிட வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போவது நல்லது. முதல்முறை ஓடும்போது நிறையப் புகை வரும், பயப்பட வேண்டாம். ஊற்றிய எண்ணெய் எரிந்து தீரும் வரை அப்படித்தான் இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 3,600 சுற்றைத் தாண்டக் கூடாது. கவர்னர் வேலை செய்யாமல் என்ஜின் கத்த ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

முன்னால் பெல்ட்டில் சுற்றும் உருளைதான் ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் இரண்டும். வண்டியைக் கிளப்புவதும் அதுதான், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அதுதான். அதையோ ரெகுலேட்டரையோ (சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கழற்றி மாட்டியிருந்தால், என்ஜினைக் கிளப்பும் முன் ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். சின்னதாகப் பொறி வரும். ஜெனரேட்டரின் காந்தத் திசை சரியாக அமைவதற்கு இது. செய்யாவிட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம், ரெகுலேட்டரும் கருகலாம்.

கிளட்ச், ஷாஃப்ட், கியர்

கிளட்ச் எளிமையானது. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் தகட்டில் மூன்று பின்கள் உண்டு. அவை ஒரு உராய்வு டிஸ்கைப் பிடித்துச் சுற்றுகின்றன. அந்த டிஸ்கை ஷாஃப்டில் இருக்கும் இரண்டு தகடுகள் ஸ்பிரிங் பலத்தில் நெரித்துப் பிடிக்கின்றன. தேய்மானம் இரண்டு இடத்தில் வரும். பின்கள் டிஸ்கில் அமரும் வெட்டுகள் அகன்றுபோகும். ஷாஃப்டில் சுருள் பின் அடித்த துளைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகிவிடும். துளை முட்டையாகிவிட்டால் பெரிய பின் அடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மறுபடி தேயும். புதிய ஷாஃப்டே போடுங்கள். மாட்டிய பிறகு கிளட்ச் நெம்புகோலுக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.050 அங்குல இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் சுற்றிச் சீக்கிரம் போய்விடும். பழைய உராய்வுப் பாகங்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பின்பக்கக் கியர் பெட்டியின் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் போல் வெளுத்து வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கியர் லீவரின் ரப்பர் மூடி கிழிந்திருக்கும், மழைநீர் அந்த வழியாகப் போயிருக்கும். புதிதாக ஊற்ற வேண்டியது ஹை-டிரான் (Hy-Tran) வகை டிராக்டர் கியர் ஆயில். இந்த மூன்று கியர் பெட்டிக்கு 7 பைண்ட், அதாவது சுமார் மூன்றேகால் லிட்டர் பிடிக்கும். அச்சு ஆயில் சீல்கள் கசிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஸ்டியரிங் சக்கரம் கால் சுற்று சும்மா ஆடுகிறதா? ஸ்டியரிங் பெட்டிக்குள் பழைய கிரீஸ் மெழுகாகிப் போயிருக்கும். சுத்தம் செய்து புதுக் கிரீஸ் அடைத்து, பக்கத்தில் இருக்கும் சரிசெய் போல்ட்டை முடுக்கினால் பாதி ஆட்டம் போய்விடும். மீதி முன் அச்சின் நடுப் பின்னிலும் கம்பி முனைகளிலும் இருக்கும்.

துரு, பெயின்ட்

வண்டி ஓடுகிறது, நிற்கிறது, திரும்புகிறது என்றான பிறகு பிரியுங்கள். சின்ன இரும்புப் பாகங்களின் துருவுக்கு நான் நம்புவது மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. பழைய வகை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்தில், பாசிட்டிவ் ஒரு கழிவு இரும்புத் தகட்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு ராத்திரியில் துரு கறுப்புச் சேறாகி, துடைத்தால் வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவ் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள், நச்சான குரோமியம் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். தொட்டியில் கை விடும் முன் சார்ஜரை அணையுங்கள். அலுமினியப் பாகங்களை இதில் போடக் கூடாது.

60களின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த தாளால் தேய்க்காமல் ஈரத் தாளால் தேய்த்து, முகமூடி போட்டு, குழந்தைகள் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிரைமர், அதன்மேல் மஞ்சளும் வெள்ளையும். ஹார்டனர் கலந்த ஸ்பிரே பெயின்டில் ஐசோசயனேட் இருக்கும், சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் அடிப்பவர்கள் ஹார்டனர் இல்லாத டிராக்டர் எனாமலைப் பொறுமையாக மெல்லிய கோட்டாக அடித்தாலே நன்றாக வரும்.

ஓட்டத் தொடங்கும்போது

அந்தக் காலத்து வண்டிகளில் சீட் சுவிட்ச் கிடையாது. நீங்கள் விழுந்தாலும், இறங்கினாலும் என்ஜின் நிற்காது, அடியில் பிளேடும் சுற்றிக்கொண்டே இருக்கும். புல்வெட்டியைப் பூட்டி ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு சீட் சுவிட்ச் வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள். பாயிண்டை எர்த்தோடு, அதாவது வண்டியின் இரும்பு உடலோடு இணைத்து என்ஜினை அணைக்கும்படி வயர் போடுவது கடினமில்லை. பேரப் பிள்ளையை மடியில் வைத்து ஒரு சுற்று போகலாம் என்று யாருக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள்.

ஆகஸ்டில் இந்தியானாவின் போர்ட்லண்ட் ஊரில் நடக்கும் பழைய என்ஜின், டிராக்டர் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வாருங்கள். கிடைக்காத உதிரிபாகம் அங்கே தரையில் விரித்த துணியில் கிடக்கும். உங்கள் மாடலையே நாற்பது வருடமாகப் பிரித்துப் பூட்டும் பெரியவர்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். போகும்போது வண்டியின் சீரியல் எண்ணையும், என்ஜின் தகட்டில் இருக்கும் மாடல், ஸ்பெக் எண்களையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என்ஜின் பாகம் எதுவும் அந்த ஸ்பெக் எண்ணை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

புது ஹெட் கேஸ்கெட் போட்டிருந்தால் முதல் சில மணி நேரம் ஓடியதும், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி முடுக்குங்கள். அப்போதே ஆயிலையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். உள்ளே இத்தனை வருடம் படிந்திருந்த கசடெல்லாம் முதல் ஓட்டத்தில்தான் கிளம்பி வரும்.